வைஃபை திக்கிய வீடு

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் படியேறும்போதே கேட்டுவிடுவார்கள். "நாலு நல்லதா, அஞ்சு நல்லதா, ஆறு நல்லதா?" எங்கேயாவது படித்திருப்பார்கள், இல்லாவிட்டால் மைத்துனன் யாராவது ஏற்றிவிட்டிருப்பான். வைஃபையில் தலைமுறைக்கு ஓர் எண் உண்டு. எண் ஏற ஏற வேகமும் ஏறும், விலையும் ஏறும். ஆறுதான் நல்லது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, அதை என் வாயால் ஒரு தரம் கேட்டுவிட்டு வைஃபை ரௌட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருப்பார்கள்.

நான் லேசில் பதில் சொல்ல மாட்டேன். திருப்பிக் கேட்பேன். "வீட்ல என்ன கம்ப்யூட்டர் வெச்சிருக்கீங்க? வாங்கி எத்தனை வருஷமாச்சு?" பெட்டி ஆறாம் தலைமுறையாக இருந்து கம்ப்யூட்டர் நாலாம் தலைமுறையாக இருந்தால், இரண்டும் பேசிக்கொள்வது நாலில்தான். புதியது இறங்கி வரும், பழையது ஏறி வராது. இதைப் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் வேலை தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. குடும்பத்தில் எனக்குச் ‘சிக்னல்’ என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அன்று காலை பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"நீ வெச்சுட்டுப் போன பெட்டி திக்குது" என்றாள், எடுத்த எடுப்பிலேயே.

"பெட்டி எப்படிக்கா திக்கும்?"

"அதைத்தான் நான் உன்னைக் கேக்கறேன். கடையைச் சாத்திட்டு வா. நாலு மணிக்குள்ள சரியாகணும். இல்லேன்னா ஒரு மனுஷனோட பொழைப்பு போயிடும்."

அக்கா பேச்சுப் பயிற்சியாளர். திக்கிப் பேசுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவள் தொழில். நாலு மாதத்துக்கு முன்னால் மருத்துவமனைப் படிக்கட்டில் சறுக்கி இடது காலை முறித்துக்கொண்டாள். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. அதனால் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து லேப்டாப் வழியாகப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கென்று நான்தான் மூன்று மாதத்துக்கு முன் ஒரு புத்தம்புது ஆறாம் தலைமுறைப் பெட்டியைக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அவள் சொன்ன மனிதர் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஒன்பது வருடம் ஓட்டினார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது, இனி வண்டி கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவசர அழைப்புகளை எடுக்கும் கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஊரில் எந்தச் சந்துக்குள் வண்டி நுழையும், எதற்குள் நுழையாது என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். ஒன்றரை வருடமாக அக்காவிடம் பயிற்சி. அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. அரை மணி நேரம் அவரைப் பேச வைத்து, பயிற்சியாளர் தன் காதால் நேரடியாகக் கேட்டு எண்ண வேண்டும். மூன்று நொடிக்கு மேல் நிற்கும் திக்கல் பத்துக்கு மேல் போகக்கூடாது. பதிவு செய்து அனுப்பினால் செல்லாது. அந்தத் தேர்வு அன்று நாலு மணிக்கு.

போன வாரம் ஒத்திகை வைத்திருக்கிறாள். இருபத்தேழு வந்தது.

"இருபத்தேழுன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்டி" என்றாள் அக்கா, நான் போய் அவள் எதிரில் உட்கார்ந்ததும். "பின்னாடி போயிட்டீங்கன்னு சொன்னேன். அந்த மனுஷன் அப்படியே வெச்சுட்டார். வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி ஆபீசுக்கு எழுதிக் குடுக்கப் போறதா அப்புறம் கேள்விப்பட்டேன். வீட்டுப்பாடமா தினமும் பேசறதைத் தன்னோட போன்ல பதிவு பண்ணி எனக்கு அனுப்பணும்னு சொல்லியிருக்கேன். அந்த ஒத்திகையையும் அவர் பக்கத்துல பதிவு பண்ணியிருக்கார். இன்னிக்குக் காலையிலதான் போட்டுக் கேட்டேன். அதுல எட்டுதான் இருக்கு."

"எட்டா?"

"மூணு தரம் எண்ணிட்டேன். எட்டு. மிச்சம் பத்தொம்பதும் அவர் வாயிலேர்ந்து வரல. உன் பெட்டியிலேர்ந்து வந்தது."

எனக்கு ஒரு சந்தேகம். "லைன் அறுந்தா படமும் அப்படியே நின்னுடுமே. அது கூடவா தெரியல?"

"நான் படத்தை அணைச்சுட்டுத்தான் எண்ணுவேன். முகத்தைப் பாத்தா மனசு இளகிடும், எண்ணிக்கையும் இளகிடும். இருபது வருஷமா அப்படித்தான். தவிர, நாளைக்கு அவர் போன்லதானே பேசப்போறார், அங்க யார் முகத்தைப் பாப்பாங்க?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் என் பெட்டியைக் குறை சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. போனை எடுத்து அவள் மேஜைமேலேயே வைத்து, வேகத்தை அளக்கும் செயலியை ஓட்டிக் காட்டினேன். முள் பறந்து போய் ஓரத்தில் நின்றது. "பாரு. இந்த அறையில, கதவைச் சாத்திட்டு, இவ்வளவு வருது. அன்னிக்கும் இப்படித்தான் காட்டினேன்."

அக்கா என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் என்ன உன் போன்லயா வேலை செய்யறேன்?"

போன வருடம் வாங்கிய போன் அது, ஆறாம் தலைமுறை. ஆறும் ஆறும் கொஞ்சிக் குலாவியதைத்தான் நான் மூன்று மாதத்துக்கு முன் அளந்து பார்த்துவிட்டு, மார்தட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கடைக்கு வரும் முன்பின் தெரியாதவரிடமெல்லாம் கேட்கும் கேள்வியைக் கூடப்பிறந்தவளிடம் கேட்கவில்லை. அக்கா வீடுதானே, எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன்.

ஏழு வருடப் பழசு. உள்ளே இருப்பது நாலாம் தலைமுறை, அதுவும் பழைய அலைவரிசை மட்டும் தெரிந்தது. அந்த அலைவரிசை சுவர்களைத் தாண்டி நன்றாகவே வரும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊரில் இருப்பதெல்லாம் அதில்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகும். அந்தக் கட்டடத்தில் மட்டும் இருபத்திமூன்று வீட்டு வைஃபை கண்ணில் பட்டது. நொடிக்கு ஒரு தரம் வெளியே ஒரு சின்னச் சேதி அனுப்பித் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் ஒரு கட்டளை இருக்கிறது. போய்வந்தால் திரையில் ஒரு வரி விழும், வராவிட்டால் ‘பதில் இல்லை’ என்று விழும். அதைச் சின்ன ஜன்னலாகத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிடத்துக்கு ஒன்று தவறியது. சில நிமிடங்களில் அதுவும் இல்லை.

"சுத்தமா இல்ல, ஒத்துக்கறேன்" என்றேன். "ஆனா பத்தொம்பது திக்கல் வர்ற அளவுக்கு மோசமும் இல்லையே. அவர் எங்கேர்ந்து பேசினார்?"

"ஆபீஸ்ல கம்பி போட்ட கம்ப்யூட்டர்லேர்ந்து. இன்னிக்கும் அங்கேர்ந்துதான்."

அப்படியானால் கோளாறு நம் பக்கம். ஆனால் எங்கே? மணி மூன்றை நெருங்கியது. என் தன்னம்பிக்கையில் லேசாகக் காற்று இறங்க ஆரம்பித்த நேரத்தில் அத்தான் எழுந்து வந்தார்.

அத்தானுக்கு அச்சகத்தில் இரவு வேலை. மூன்று மணிக்குத்தான் அவருக்குப் பொழுது விடியும். "என்ன, என்ஜினீயர் அம்மா நேர்ல வந்திருக்காங்க? யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று அறைக்குள் தலையை நீட்டினார்.

"நான் வெச்ச பெட்டிக்குத்தான் அத்தான்."

"அதுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் தூங்கற பகல் பூரா சிமிட்டிக்கிட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். அது அக்காவின் அறைக்கு அடுத்த அறை. இடையில் ஒரே சுவர். மைக்ரோவேவ் அடுப்பின் கதவு சாத்தப்படும் சத்தமும், பிறகு அது உறுமும் சத்தமும் கேட்டன.

என் ஜன்னலில் ‘பதில் இல்லை’ விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. வரிசையாக ஆறு. நடுவில் ஒரு பதில். மறுபடி நாலு.

உறுமல் நின்றது. வரிகள் ஒழுங்காக விழத் தொடங்கின.

"அக்கா, போன வாரம் ஒத்திகை எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு."

"அத்தான்! போன வாரம் நாலு மணிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"காபி சூடு பண்ணியிருப்பேன்."

"அரை மணி நேரமாவா?"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு காபியை அஞ்சு தரம் சூடு பண்ணுவார். சூடு பண்ணி மேடைமேல வெச்சுட்டுப் பேப்பர்ல மூழ்கிடுவார், ஆறிடும். திரும்பச் சூடு பண்ணுவார். அதுக்கப்புறம் சாப்பாட்டைச் சூடு பண்ணுவார். அதையும் மறப்பார்."

அத்தான் கோப்பையும் கையுமாக வாசலில் நின்றார். விஷயத்தைச் சொன்னோம். அடுப்புக்குள் ஓடும் அலையும் அக்காவின் லேப்டாப் பேசும் அலைவரிசையும் கிட்டத்தட்ட ஒன்று, கொஞ்சம் கசிந்தாலே போதும் என்று விளக்கினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "நான் காபி குடிச்சு அந்தாளு வேலைக்கு உலை வெச்சேனா? இன்னிக்குப் பச்சைத்தண்ணி குடிச்சுக்கறேன், போதுமா?"

"நீங்க குடிக்காம இருந்தா பக்கத்து வீட்ல ஒருத்தர் குடிப்பார். அந்த அலைவரிசையை விட்டே வெளிய வரணும்" என்றேன். இப்போது என் குரல் பழைய குரலாகிவிட்டது. நோய் தெரிந்துவிட்டால் எனக்குப் பயம் கிடையாது.

கூடத்திலிருந்து அறைக்குக் கம்பி இழுத்துவிட்டால் ஒரே நிமிடத்தில் தீர்ந்துபோகும் காரியம். ஆனால் கதவு நிலையைத் தாண்டித் தரையில் கம்பி கிடந்தால் அக்காவின் வாக்கர் அதில் மாட்டும், இன்னொரு காலும் போய்விடும். சுவரில் துளை போட இது வாடகை வீடு. பெட்டிக்குப் பக்கத்திலேயே கூடத்தில் உட்காரலாமே என்றால், ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிறுத்தம். ஹாரன் சத்தத்தில் திக்கலை எண்ண முடியாது.

பையிலிருந்து விரல் நீளத்துக்கு இரண்டு டாங்கிள்களை எடுத்தேன். லேப்டாப்பில் செருகினால் புது அலைவரிசை கிடைக்கும். ஒன்று ஆறாம் தலைமுறை, மற்றது ஐந்தாம் தலைமுறை. ஆறைச் செருகினேன். லேப்டாப் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதன் உள்ளே இருக்கும் பழைய மென்பொருளுக்கு இது யாரென்றே தெரியவில்லை. புதுப்பிக்க ஆரம்பித்தால் மூன்று மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகு எழுந்திருக்குமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

"ஒசத்தி சரக்கு வேலைக்காகலையா?" என்றார் அத்தான்.

"ஒசத்தியும் தாழ்த்தியும் கிடையாது அத்தான். எது எதோட ஒத்துப்போகுதுன்னுதான் பாக்கணும்" என்று சொல்லி ஐந்தைச் செருகினேன். உடனே பற்றிக்கொண்டது. ஆனால் இரண்டே கோடு; என் போனுக்கு எட்டிய அளவு இந்தச் சின்ன டாங்கிளுக்கு எட்டவில்லை. புது அலைவரிசையில் கூட்டம் இல்லை, வேகம் உண்டு, சுவர் என்றால் மட்டும் அதற்கு ஆகாது. பெட்டி எங்கே என்று கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான் வைத்த இடத்தில் இல்லை.

"கண்ணு சிமிட்டுதேன்னு இரும்பு பீரோவுக்குப் பின்னால வெச்சேன்" என்றார் அத்தான், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் கோபப்படும் தகுதி அன்று எனக்கு இல்லை. இரண்டு பேருமாகப் பெட்டியை எடுத்து, நடைவழி தொடங்கும் இடத்தில் செருப்பு அலமாரியின் தலையில் ஏற்றினோம். கம்பி சரியாக அந்த இடம் வரைக்கும்தான் எட்டியது. திரும்பி வந்தால் நாலு கோடு.

"இப்ப காபி சூடு பண்ணுங்க."

"வேணாம்மா, வம்பு."

"பண்ணுங்க அத்தான். தைரியமா பண்ணுங்க."

அடுப்பு உறுமியது. மூன்று பேரும் அந்தச் சின்ன ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வரிகூடத் தவறவில்லை. அத்தான் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அன்றைய முதல் காபியைச் சூடாகவே குடித்தார். மணி மூன்று ஐம்பது.

நாலு மணிக்கு ஓட்டுநர் லைனில் வந்தார். அக்கா படத்தை அணைத்தாள். ஒரு காதொலிப்பானைத் தான் மாட்டிக்கொண்டு இன்னொன்றை என்னிடம் கொடுத்தாள். "நீ லைனைப் பாத்துக்கோ. நான் அவரைப் பாத்துக்கறேன். லைன் அறுந்தா கையைத் தூக்கு, அதை நான் கணக்குல சேக்க மாட்டேன்." கையில் பென்சில், முன்னால் ஒரு வெள்ளைத்தாள்.

"வ…வணக்கம் மேடம்" என்றது குரல். வறண்ட குரல். வேண்டாவெறுப்பாக வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. காலையில் அக்கா கெஞ்சியிருக்காவிட்டால் வந்தே இருக்க மாட்டார்.

அவர் ஓட்டிய வண்டிகளைப் பற்றி, ஊரின் பாலங்களைப் பற்றி, மழை நாளில் எந்தச் சாலை மூழ்கும் என்பதைப் பற்றி அக்கா பேச வைத்தாள். பேசப் பேசக் குரல் இளகியது. பத்து நிமிடத்தில் தாளில் மூன்று கோடு. இருபது நிமிடத்தில் ஏழு. ஒவ்வொரு முறை அவர் ஒரு சொல்லில் முட்டி நிற்கும்போதும் நான் ஜன்னலைப் பார்த்தேன். லைன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அந்தத் திக்கல்கள் அவருடையவைதான். இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஒன்பது. ‘கட்டுப்பாட்டு’ என்ற சொல்லில் பத்து. இன்னொன்று வந்தால் போச்சு.

மீதி மூன்று நிமிடம் இருக்கும்போது அக்கா குரலை மாற்றினாள். "இப்ப நான் போன் பண்றேன். நீங்க எடுங்க." உடனே அழ ஆரம்பித்தாள். "ஐயோ, என் வீட்டுக்காரர் விழுந்துட்டார், மூச்சுப் பேச்சே இல்ல, எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல…" வாசலில் நின்ற அத்தான் திடுக்கிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அக்கா விம்மி நிறுத்தினாள்.

அந்தப் பக்கம் அமைதி.

இரண்டு நொடி. மூன்று. நாலு. அக்காவின் பென்சில் தாளுக்கு மேலே அப்படியே நின்றது. அவள் கண் என்னிடம் வந்தது. லைனா, அவரா?

நான் கையைத் தூக்கியிருக்கலாம். அதைக் கேட்க யாரும் இல்லை. போன வாரம் என் பெட்டி அவர் தலையில் பத்தொன்பதைச் சுமத்தியது, இன்று ஒன்றைக் கழித்துவிட்டால் என்ன பாவம் என்று என் மனசு அடித்துக்கொண்டது. கை பாதி எழுந்தும்விட்டது. ஆனால் ஜன்னலில் வரிகள் வரிசையாக, ஒன்றுகூடத் தவறாமல் விழுந்துகொண்டிருந்தன. அடுத்த மாதம் யாரோ ஒருத்தி அந்த அவசர எண்ணைக் கூப்பிடுவாள், அவள் வீட்டில் நிஜமாகவே ஒருவர் விழுந்து கிடப்பார். கையைக் கீழே போட்டேன். லைன் இல்லை என்று தலையாட்டினேன்.

அக்கா கண்ணை மூடினாள். காதொலிப்பானை விரலால் அழுத்திக்கொண்டு கேட்டாள். பிறகு பென்சிலைத் தாளின் மேல் படுக்க வைத்துவிட்டு, ஓரத்தில் எனக்காகக் கிறுக்கினாள்: ‘மூச்சு.’

அப்போதுதான் எனக்கும் கேட்டது. அந்த அமைதிக்குள் அவர் சீராக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். திக்கினால் மூச்சு அடைத்துக்கொண்டு நிற்கும், இது ஓடிக்கொண்டிருந்தது. போன வாரத்து லைனில் இது கேட்டே இருக்காது.

"மெதுவா சொல்லுங்கம்மா" என்றார் அவர். "நீங்க அழுது முடிக்கட்டும்னுதான் இருந்தேன். நான் லைன்லயேதான் இருக்கேன். வீடு எங்க இருக்கு?"

ஒரு சொல்கூட முட்டவில்லை. விலாசம் கேட்டார், வயது கேட்டார், நெஞ்சில் எங்கே கை வைத்து அழுத்த வேண்டும் என்று சொன்னார். மணி நாலரை ஆயிற்று.

"பத்து" என்றாள் அக்கா, தன் குரலில். "பத்தேதான். அறிக்கையை இப்பவே அனுப்பறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறேதாவதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜையில் இருந்த மைக்கை என் பக்கம் தள்ளினாள்.

"போன வாரம் உங்களுக்கு இருபத்தேழு போட்டது இவதான். என் தங்கச்சி. உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

நான் ஒன்றும் சொல்லணும் என்று சொல்லவே இல்லை. வாயைத் திறந்தேன். பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் மூச்சு விடாமல் பேசும் வாய் அது.

"சார், அது வந்து… நான் அன்னிக்கு என் போன்ல… உங்க… அதாவது மேடத்தோட லேப்டாப்…"

நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி நின்றது. அத்தான் வாசலில் சிரிக்காமல் நின்றார்.

"மெதுவா சொல்லுங்கம்மா" என்றார் அவர். "நான் லைன்லயேதான் இருக்கேன்."